கழுதை வால்

மாடிப்படி திரும்புகிற இடத்தில்
ஜன்னலை ஒட்டி ஓர் ஆணி.
ஆணியில் கயிறு, கயிற்றில் மண்சட்டி,
சட்டியிலிருந்து ஏழு வால்கள்.
ஹலாபாவில் இதைக் கழுதை வால் என்றுதான் சொல்வோம்.
சாம்பல் பூத்த பச்சை.
அரிசியைவிடப் பருத்து திராட்சையைவிட மெலிந்த இலைகள்
ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிப் பின்னி
மூன்று படி ஆழத்துக்குத் தொங்கும்.

தொடக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.
விரல் பட்டால் மேல்பொடி கலைந்து தழும்பாகிவிடும்.
பூனை உரசினால் பத்து இலை.
கதவை அறைந்தால் மூன்று.
யாராவது தும்மினால்
ஒன்று சற்று யோசித்துவிட்டு விழும்.

தண்ணீரிலும் அதே பிடிவாதம்.
எங்கள் ஊர்த் தூறல் பிடித்தால் வாரக்கணக்கில் விடாது.
துவைத்தது காயாது, உப்பு கசியும்,
மலை இருந்த இடத்தில் பஞ்சு இருக்கும்.
அந்த நாட்களில் ஒரு சொட்டும் ஊற்ற மாட்டேன்.
வெகுநேரம் பாத்திரம் தேய்த்த என் விரல்நுனிபோல்
இலை சுருங்கினால்தான்
ஒரு குவளை.
ஊறியும் சுருங்கும், காய்ந்தும் சுருங்கும் தோல்;
எது எதுவென்று தெரிந்திருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை நிக்கனோர் வருவார்,
தோளில் கேஸ் சிலிண்டர்.
“வால்! வால்!” என்று மேலேயிருந்து கத்துவேன்.
“பார்த்துட்டேன், தோன்யா ஒப்தூலியா.”
பார்த்துக்கொண்டேதான் இடிப்பார்.
படியெங்கும் சின்னச் சின்னதாய்ச் சிதறும்.
காலி சிலிண்டரோடு இறங்கும்போது
குனிந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிச்
சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.
குப்பை அள்ளுகிற மரியாதை என்று நினைத்து
ஐந்து பெசோ கூடுதலாகக் கொடுத்தேன்.

பித்தப்பையில் கல்.
பதினோரு நாள் ஆஸ்பத்திரி.
வீட்டைப் பார்த்துக்கொண்டவள் என் தங்கை ரெஃபூஹியோ.
நல்லவள், அதுதான் வினை.
பாவம் தாகமாய் இருக்குமே என்று
காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு.
திரும்பி வந்தபோது
ஏழு வாலும் கண்ணாடியாய்த் தெரிந்தன.
வேரைத் தொட்டேன், கஞ்சி.
எனக்காகக் கோழி சூப் வைத்திருந்தாள்.
சூப் நன்றாக இருக்கிறது என்றேன்.
அதை மட்டும்தான் சொன்னேன்.

கேஸ் நாளன்று
வெறும் ஆணிக்கு முன்னால் நிக்கனோர் நின்றார்.
பிறகு ஐந்து வருடத்தில் முதல்முறையாக
உடம்பை ஒடுக்கி,
சுவரோடு ஒட்டி,
இல்லாத வாலுக்கு வழிவிட்டு ஏறினார்.
குழாயை மாட்டி, சோப்பு நுரை தடவிக்
கசிவு பார்த்தார். கசியவில்லை.
டிப்ஸ் வாங்கவில்லை.

வியாழக்கிழமை, கேஸ் நாளே இல்லை,
கீழே லாரி ஹாரன்.
கையில் ஒரு மத்தி மீன் டப்பா,
டப்பாவில் சுட்டுவிரல் நீளத்தில் நான்கு வால்கள்.

“டிப்போ மதில்மேல முப்பத்தொரு டப்பா இருக்கு, தோன்யா.
எல்லாம் உங்க படியில விழுந்தது.
நாலு நாள் காயப் போடணும்.
புதைக்கக் கூடாது, மண்மேல சும்மா கிடக்கணும்.
அதுவா நினைச்சா வேர் விடும்.”

“திருடினீரா?”
“விழுந்ததைத்தான் எடுத்தேன்.”
“இடித்தது யார்?”

அவர் டப்பாவிடமே பதில் தேடினார்.
பிறகு சட்டைப்பையில் கைவிட்டு
லாரிக் குலுக்கலில் வழியில் உதிர்ந்த எட்டு இலைகளை
மேஜைமேல் வைத்தார்,
சில்லறை திருப்பித் தருகிறவர்போல.

அவர் போன பிறகு சுத்தியல் எடுத்தேன்.
இந்த வால்கள் வளர்ந்து
ஒரு மனிதனின் தோள்வரை எட்ட
இன்னும் மூன்று வருடமாவது ஆகும்.
எனக்கு அறுபத்திரண்டு.

ஆணியைப் பிடுங்கினேன்.
கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது.
ஒரு முழம் இறக்கி அடித்தேன்.